மேசை மேல் ஒரு மலைமரம்

வாசகர் கடிதம்:

“அக்கா, எனக்கு 27 வயது. மாங்குளத்தில் வாடகை அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய் வருகிறேன். சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்பில் இருக்கும் நண்பன் ஒரு போன்சாய் மரம் வாங்கி வந்து தந்தான். ஜூனிப்பர் என்று அட்டை கட்டியிருந்தது. ஒரு சாண் உயரம்தான் இருக்கும். மேசையில் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் விசிறிப் போத்தலால் தண்ணீர் அடிக்கிறேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் நின்றது. இப்போது ஒரு பக்கம் வைக்கோல் நிறமாகி, தொட்டால் உதிர்கிறது. உரம் போடவா? செடிகளுக்கென்று விற்கும் ஊதா நிற லைட் வாங்கவா? அம்மா வந்து பார்த்துவிட்டு, வளர விடாமல் கட்டி வைத்த மரத்தை வீட்டுக்குள் வைத்தால் வீடும் வளராது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எங்கே பிழை விட்டேன்?”

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசை, கணினி, பாதி மூடிய யன்னல் திரை, அதற்கு இந்தப் பக்கம் மரம். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். இதை வாசித்து முடித்ததும் மரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். வீட்டின் கிழக்குப் பக்கம், காலை வெயில் விழுந்து பத்து மணிக்கு மேல் நிழல் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். இரவிலும் அங்கேயே நிற்கட்டும்.

நீங்கள் விட்ட பெரிய பிழை, மரத்தை வீட்டுக்குள் வைத்ததுதான். அதையும் உங்கள் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சாண் உயரத்தில் அழகான சட்டியில் ஒரு மரத்தைக் கையில் தந்தால் யாரும் மேசையில்தான் வைப்பார்கள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போன்சாய் என்றாலே வீட்டுக்குள் வைக்கும் அலங்காரம் என்று நம்மில் பலர் நினைப்பதற்குப் படங்களும் ஒரு காரணம். யப்பானிய வீட்டுக் கூடத்தில், சுவரில் ஓவியத்துக்குக் கீழே மரம் நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். விருந்தாளி வரும் நாளில் அல்லது ஏதாவது விசேஷத்துக்கு அந்த மரத்தை உள்ளே கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டொரு நாளில் திரும்பவும் வெளியே போய்விடும். மற்ற நாளெல்லாம் வெயிலிலும் மழையிலும் பலகைத் தட்டில்தான் அதன் வாழ்க்கை.

ஜூனிப்பர் அறைக்குள் வளரும் செடி இல்லை. போன்சாய்க்கு எடுக்கும் யப்பானிய, சீன வகைகள் மலைச்சரிவிலும் கடலோரப் பாறையிலும் திறந்த வெயிலை வாங்கி வளர்ந்தவை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் முற்றத்தில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். லைட் போட்ட ஒரு சாதாரண அறைக்குள் 300, 500 லக்ஸ் இருந்தாலே நமக்குப் புத்தகம் வாசிக்கக் காணும். நம் கண் இரண்டு இடத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறையும் வெளிச்சமாகத்தான் தெரியும். மரத்தின் இலைக்கு அந்த வசதி இல்லை. உங்கள் மேசையில் நின்ற இரண்டு மாதமும் வெளிச்சம் போதாமல் அது தன் உணவைச் சமைக்கவில்லை, முன்பு சேர்த்து வைத்ததை, குதிருக்குள் இருந்த நெல்லைப் போல எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. குதிர் ஒழிந்த பிறகுதான் உங்கள் கண்ணுக்கு வைக்கோல் நிறம் தெரிந்தது.

இன்னொன்று, குளிர். இந்த மரங்களுக்கு வருடத்தில் சில கிழமைகள் நல்ல குளிரில் உறங்கிப் பழக்கம். 5 பாகை செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போகும் குளிர். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று நம் ஆட்கள் சொன்னாலும், வன்னியில் தை மாதத்து விடியற்காலை பெரும்பாலும் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. நமக்குப் போர்வை வேண்டும், ஜூனிப்பருக்கு அது கோடை. ஆனாலும் கைவிட வேண்டாம். சீன ஜூனிப்பரில் சில வகைகளை வெப்ப நாடுகளின் தாழ்நிலங்களிலும் திறந்த வெளியில் வைத்து வளர்க்கிறார்கள். அதனால் முற்றத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அறைக்குள் எந்த வகைக்கும் இல்லை.

அடுத்தது, நீங்கள் தண்ணீர் விட்ட முறை. படத்தில் சட்டியின் மேலே வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பியிருக்கின்றன. ஒரு கல்லை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கழன்று வந்தால் நல்லது. வரவில்லை என்றால் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தூரத்துக்கு ஏற்றும்போது மண் கொட்டாமல் இருக்கச் செய்வது இது. வாங்கியவர் அதைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஓட்டின் மேல் விசிறியடித்த தண்ணீர் இலையில் கொஞ்சம், கல்லில் கொஞ்சமாக நின்று காய்ந்திருக்கும். கீழே வேருக்கு ஒரு சொட்டும் இறங்கியிருக்காது. இரண்டு மாதம் காலையும் மாலையும் மறக்காமல் தண்ணீர் அடித்தும் மரம் தாகத்தில் நின்றிருக்கலாம். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணிநேரம் இறக்கி வையுங்கள். பசை கொஞ்சம் இளகும். பிறகு ஒரு பழைய கரண்டிக் காம்பை விளிம்போரமாகச் செருகி, ஓட்டைத் துண்டு துண்டாக உடைத்து எடுங்கள். தண்டுக்குக் கிட்ட வரும்போது அவசரப்பட வேண்டாம். அந்த இடத்தில் மெல்லிய வேர்கள் மேலோடி இருக்கும், கல்லோடு சேர்ந்து பிடுங்கி வந்துவிடும். தண்டை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று கற்கள் வர மறுத்தால் அப்படியே விடுங்கள். அப்புறம் சட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள், துளை இருக்கிறதா என்று. துளை இல்லாத சட்டி என்றால், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஓட்டுக்குத் துளை போடும் ஆளிடம் கொடுத்து இரண்டு துளை போடுவியுங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: மரம் உயிரோடு இருக்கிறதா?

2013 இல் நானும் நுவரெலியாவிலிருந்து ஒரு ஜூனிப்பர் கொண்டுவந்தேன். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலம். நெல்லும் உழுந்தும் கச்சானும் எனக்குத் தெரியும், இந்த மரம் தெரியாது. விறாந்தையில் வைத்தேன். மூன்று மாதம் பச்சையாகவே நின்றது, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினேன். ஒரு நாள் கிளையைத் தூக்கிப் பார்த்தபோது வறண்ட துடைப்பம் போலச் சரசரத்தது. தண்டைச் சுரண்டினேன், உள்ளே மரப்பலகை நிறம். அது செத்துப் பல கிழமை ஆகியிருந்தது. நான் பிணத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஜூனிப்பரின் இலை செதில் போலவோ ஊசி போலவோ இருக்கும், மேலே மெழுகுப் பூச்சுக் கனமாக இருக்கும். ஈரம் எளிதில் வெளியேறாது. வேர் செத்த பிறகும் பல கிழமைக்கு இலை பச்சையாகவே நிற்கும். நம் முருங்கையோ தக்காளியோ தாகம் எடுத்தால் மத்தியானமே தலையைத் தொங்கப் போட்டுக் காட்டிவிடும். இது வாய் திறக்காத பிள்ளை. நோவைச் சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

அதனால் நிறத்தை நம்பாதீர்கள், கையால் பாருங்கள். பச்சையாக இருக்கும் ஒரு நுனியை இரண்டு விரலுக்கு இடையில் மெல்ல வளையுங்கள். உயிருள்ளது வளையும், விரலில் ஒரு குளிர்ச்சியும் பிசின் வாசமும் ஒட்டும். செத்தது முறியும் அல்லது தூளாகும். பிறகு பழுப்பான பக்கத்துக் கிளையில், நகத்தால் ஒரு நெல் அளவுக்குப் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான இளம்பச்சை தெரிந்தால் அந்தக் கிளை இருக்கிறது. தெரியாவிட்டால் கொஞ்சம் கீழே, தண்டுக்குக் கிட்டப் போய் இன்னொரு நெல் அளவு. பச்சை எங்கே தொடங்குகிறதோ அதுவரைதான் மரம். பழுப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். வெளிச்சம் படாத உள் இலைகள் பழுத்து உதிர்வது பெரிய வருத்தமில்லை. நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்து வந்தால் வேரில் பிரச்சினை. உங்கள் படத்தில் நுனியிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் இன்றைக்கே என்றேன்.

இப்போது ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று சுழற்றி அடிக்கும் காலம். இரண்டு மாதம் நிழலில் நின்ற மரத்தை இந்தக் காற்றில் நடுமுற்றத்தில் வைத்தால் இலையும் கருகும், சட்டியும் ஒரு பகலில் காய்ந்துபோகும். அதனால்தான் கிழக்குப் பக்கம். மேற்கே வீட்டுச் சுவர் காற்றை மறிக்கும். முதல் பத்து நாள் காலை வெயில் இரண்டு மணிநேரம் போதும். பிறகு கிழமைக்கு ஒரு மணிநேரமாகக் கூட்டி, ஆடி முடிவதற்குள் அரை நாள் வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். மத்தியான வெயிலைக் கச்சான் ஓய்ந்த பிறகு காட்டலாம். சீமெந்துத் தரையில் நேராக வைக்காதீர்கள், சூட்டில் வேர் வேகும். நான்கு செங்கல் அடுக்கி அதன் மேல் பலகை போட்டு வையுங்கள். வெறும் மண்ணில் வைத்தால் நம் ஊரில் கறையான் விடாது, துளை வழியாக ஏறிவிடும். வளவுக்குள் ஆடு வருமா என்று பாருங்கள். உங்கள் பக்கத்தில் குரங்கும் அதிகம். என் நாற்றுமேடையில் சட்டியோடு தூக்கிக் கூரையில் வைத்துப் பிய்த்துப் போட்டிருக்கின்றன. ஒரு பழைய கோழிக்கூட்டு வலையைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு பேரிடமிருந்தும் தப்பும்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்று கேட்பீர்கள். நாள் கணக்குச் சொல்லமாட்டேன். காற்று அடிக்கும் நாளில் இரண்டு தரம் கேட்கும், மூடின நாளில் ஒரு தரமும் கேட்காது. ஒரு தென்னோலையில் பச்சை ஈர்க்கு ஒன்று வார்ந்து, வழுவழுப்பாகச் சீவி, சட்டி விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவில் அடிவரை செருகி விடுங்கள். அங்கேயே நிற்கட்டும். காலையில் உருவிப் பாருங்கள். அடிப்பக்கம் நிறம் மாறி ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரம் விரலில் பட்டும் படாமலும் இருந்தால், துளையால் ஓடி வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. ஈர்க்கு வெண்மையாகக் காய்ந்து வந்தால் பிந்திவிட்டீர்கள், உடனே ஊற்றுங்கள். ஜூனிப்பருக்குக் காய்ந்துபோகவும் கூடாது, சேற்றில் நிற்கவும் கூடாது. விசிறிப் போத்தலை எடுத்து வைத்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதே படிவு சட்டி மண்ணிலும் சேரும். நம் பகுதிக் குழாய்க் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். வயலில் பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போகும், ஒரு சிரட்டை அளவு சட்டியில் அது நடக்காது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் சிறந்தது. இல்லாவிட்டால் கிழமைக்கு ஒரு தரமாவது, குடிப்பதற்கு வாங்கும் வடிகட்டிய தண்ணீரில் ஒரு லீற்றரை இதற்குக் கொடுங்கள்.

உரம் வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவருக்குப் பிரியாணி ஊட்டுவது போல அது. புதுத் துளிர் வந்து ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். ஊதா லைட்டுக்குக் காசு கொட்ட வேண்டாம், வெளியே சூரியன் சும்மா கிடைக்கிறது. மண்ணும் சட்டியும் மாற்றுவது இப்போது கூடவே கூடாது. பலவீனமான மரத்தின் வேரைக் கிளறினால் மிஞ்சியிருக்கும் மெல்லிய வேரும் போய்விடும். காய்ந்து சரசரக்கும் கிளைகளை வெட்டலாம், பச்சையில் கத்தரி வைக்காதீர்கள். இலையில்லாத மொட்டைக் கிளையிலிருந்து ஜூனிப்பர் பொதுவாகத் திரும்பத் துளிர்க்காது, அதனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பச்சை நுனியும் பெறுமதியானது.

சிலந்திப்பேன் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், காற்றோட்டமில்லாத வறண்ட அறையில் இது வரும். வெள்ளைத் தாளொன்றைக் கிளைக்குக் கீழே பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் மிளகாய்த்தூள் பொடி போல ஏதாவது மெல்ல ஊர்ந்தால் அதுதான். தண்ணீர்க் குழாயை விரலால் அடைத்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சிக் கழுவுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தரம், நான்கு முறை செய்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், இரண்டு சொட்டுச் சவர்க்காரத் திரவம் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.

படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கீழ்க்கிளையில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறது, ஓரிடத்தில் பட்டை கம்பியை மூடத் தொடங்கியிருக்கிறது. அதைச் சுற்றிக் கழற்றப் பார்க்காதீர்கள், பட்டை உரிந்துவிடும். சின்னக் கம்பிவெட்டியால் ஒவ்வொரு சுற்றையும் வெட்டி, துண்டு துண்டாக எடுங்கள்.

இவ்வளவு செய்தும் பிழைக்குமா என்றால், சுரண்டிப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் பச்சை இருந்தால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தண்டிலேயே பச்சை இல்லை என்றால் அது ஏற்கெனவே போய்விட்டது, உங்கள் கையில் இனி ஒன்றுமில்லை. நடுவில் இருந்தால் ஆவணி கடைசிவரை பொறுத்துப் பாருங்கள்.

அம்மா சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும். நம் வீடுகளில் நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள். குள்ளமாக்கிய மரத்தைக் கண்டால் ஏதோ ஒன்றை நெரித்து வைத்திருப்பது போல மனசு சங்கடப்படுவது இயல்பு. மரத்தால் வீட்டுக்குக் கேடு வரும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அந்தச் சங்கடத்தை மதிக்கிறேன். ஒழுங்காக வளர்க்கும் போன்சாய் பட்டினி போட்ட மரமல்ல. சட்டி சின்னதாக இருப்பதாலும், வேரையும் கிளையையும் அளவாக வெட்டுவதாலும் அது சிறியதாக நிற்கிறது. மற்றபடி காலத்துக்குத் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும். ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பம் வளர்த்த ஒரு வெள்ளைப் பைன் மரம் 1625 முதல் சட்டியில் வளர்ந்து வருகிறது. 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி குண்டு விழுந்தபோது, அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றரில் அவர்களுடைய தோட்டத்து மதிலுக்குள் அது நின்றது. யன்னல் கண்ணாடிகள் சிதறின, மதிலோரம் நின்ற மரம் தப்பியது. 1976 இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஊற்ற ஒரு கை இருந்திருக்கிறது என்பதைத்தான் அந்த மரத்தில் நான் பார்க்கிறேன். அம்மா அடுத்த முறை வரும்போது இதைச் சொல்லுங்கள். எப்படியும் மரம் முற்றத்துக்குப் போய்விடுவதால், வீட்டுக்குள் வைக்காதே என்ற அவர் சொல்லும் காப்பாற்றப்படுகிறது.

ஜூனிப்பர் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், இந்த மண்ணுக்குப் பழகிய ஒரு மரத்தோடு நீங்கள் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. குளிர்நாட்டு மரத்தோடு முதல் பாடம் படிப்பது, நீந்தத் தெரியாமல் வான் பாயும் குளத்தில் இறங்குவது போல. நம்மிடம் என்ன இல்லை? புளி, ஆல், குருந்து, விளாத்தி, கொடுக்காய்ப்புளி. அதில் ஆலும் புளியும் பிழை பொறுக்கும் மரங்கள்.

ஆலங்கன்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வன்னியில் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காகமும் குயிலும் போட்ட விதையில், சுவர் வெடிப்புகளிலும் கிணற்றுக் கட்டின் உட்புறத்திலும் ஆலங்கன்று முளைத்து நிற்கும். மண்ணே இல்லாமல் சீமெந்து வெடிப்பில் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடித்த கன்றின் அடித்தண்டு, பெருவிரல் மொத்தத்தில் முறுகித் திரண்டிருக்கும். அதை வளவுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சுவரைப் பிளக்கிறதே என்று பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். ஐப்பசி மழை தொடங்கி நான்கு நாள் கழித்து, வெடிப்பு ஊறியிருக்கும்போது, இலையெல்லாம் கிள்ளிவிட்டு, கிடைக்கும் வேரோடு மெல்ல இழுத்தெடுங்கள். வேர் அறுந்து வந்தாலும் பரவாயில்லை, ஆல் தண்டிலிருந்தே வேர் விடும்.

காட்டுக்குள் போய் மரம் தோண்ட வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதைவிட, கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. சிவப்பு அடையாளம் இல்லை என்பதை மட்டும் நம்பி, பழக்கமில்லாத பற்றைக்குள் ஒரு மரத்துக்காகக் கால் வைக்காதீர்கள்.

புளி வேண்டுமென்றால் குசினியில் இருக்கும் பழத்தின் விதையே போதும். ஒரு இரவு ஊறப்போட்டு நட்டால் இரண்டு கிழமைக்குள் எழும்பும். அந்தச் சின்ன இலைகள் பொழுது சாய்ந்ததும் கைகூப்புவது போலச் சோடி சோடியாக மடியும். வேலையால் வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைய களைப்பு போய்விடும். ஆனால் முளைத்த கன்றை உடனே சின்னச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சின்னச் சட்டியில் தண்டு பருக்காது, பத்து வருடம் போனாலும் குச்சியாகவே நிற்கும். ஒரு பழைய பெயின்ற் வாளியின் அடியில் ஏழெட்டுத் துளை போட்டு, அதில் மூன்று நான்கு வருடம் இஷ்டத்துக்கு வளரவிட்டு, தண்டு திரண்ட பிறகு உயரத்தை வெட்டிக் குறைத்துச் சட்டிக்கு மாற்ற வேண்டும். முதல் முறை மாற்றும்போது ஆணிவேரைப் பாதியாகக் குறைத்தால் பக்கவேர் பரவும்.

மண்ணுக்கு யப்பானியக் களிமண் மணிகளை இணையத்தில் தேட வேண்டாம். உடைந்த கூரை ஓட்டை இடித்துச் சலித்து, மிளகுக்கும் கடலைக்கும் இடைப்பட்ட துண்டுகளை எடுத்து, தூளைக் கழுவி விட்டுவிடுங்கள். அந்த ஓட்டுத் துண்டு இரண்டு பங்கு, கழுவிய ஆற்று மணலில் பரும்படியானது ஒரு பங்கு, மக்கிய தும்புச்சோறு ஒரு பங்கு. தும்புச்சோறு புதியதென்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், உப்பு இருக்கும். வெறும் வயல்மண் மட்டும் சட்டியில் இறுகிக் கல்லாகிவிடும்.

அறைக்குள் ஒரு பச்சையைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் விருப்பம் எனக்குப் புரிகிறது. வீட்டை விட்டு வந்து தனியறையில் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். அதற்கும் ஆல்தான் பொருத்தம், நிழலைக் கொஞ்சம் தாங்கும். இரண்டு ஆலங்கன்று வளருங்கள். ஒன்று மூன்று நாள் யன்னலோர மேசையில், திரையை விலக்கிவிட்டு. மற்றது முற்றத்தில். பிறகு ஆள் மாற்றுங்கள். உள்ளே இருப்பது விருந்தாளி, இரண்டு மூன்று நாளில் வீடு திரும்ப வேண்டியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி முடிவில் தண்டை இன்னொரு முறை சுரண்டிப் பார்த்து, படமெடுத்து அனுப்புங்கள். கிளை முழுவதும் வேண்டாம், சுரண்டிய இடமும் ஈர்க்கின் நுனியும் தெளிவாகத் தெரிந்தால் போதும். அதற்கிடையில் வாளிக்குத் துளை போட்டு, ஓட்டுத் துண்டைச் சலித்துக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். முதல் மழைக்கு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா
ஓமந்தை